கியர் விழவில்லையா? கியர்பொக்ஸை இறக்க முதல் இவற்றைப் பாருங்கள்

பழைய மனுவல் கார் ஒன்றைப் புதிதாக வாங்கியவர்களிடமிருந்து அதிகம் வரும் முறைப்பாடு இதுதான்: "கியர் சரியான இறுக்கம், சில நேரம் விழவே மாட்டன் எண்டுது." 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைவெளியில் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேர் தங்கள் முதல் காராகப் பழைய நிசான் சன்னியையோ கொரொல்லா டிஎக்ஸ் வேகனையோ மாருதி 800 ஐயோ வாங்கினார்கள். பேரனார் விட்டுப்போன மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40 ஐயும் கொட்டிலிலிருந்து வெளியே எடுத்தவர்களும் உண்டு. ஸ்கூட்டியும் ஓட்டோ கியர் காரும் ஓடிப் பழகியவர்களுக்கு இந்த இறுக்கம் காரின் வயதால் வருவதா, பழுதால் வருவதா என்று பிடிபடாது.

கராஜுக்குப் போனால் முதல் வார்த்தையே "கியர்பொக்ஸை இறக்கிப் பாக்கவேணும்" என்று வருவதும் உண்டு. இறக்கினால் ஒரு நாள் கூலி போய்விடும். உண்மையில், கியர் இறுகும் கார்களில் பெரும்பாலானவற்றில் குற்றம் கியர்பொக்ஸுக்குள் இல்லை. கிளச் முழுதாக விடுபடாமல் இருப்பதுதான் காரணம். இதை நீங்களே வீட்டு முற்றத்தில், ஒரு ஸ்பானரும் தொடாமல், பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

அதற்கு முன் உள்ளே நடப்பது என்ன என்று சுருக்கமாக. எஞ்சினின் கடைசியில் சுற்றும் பெரிய இரும்புத் தட்டு பிளைவீல். அதோடு கிளச் பிளேட்டை அழுத்திப் பிடித்திருப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் அந்தப் பிடி விடுபட வேண்டும். விடுபட்டால் கியர்பொக்ஸுக்குள் போகும் தண்டு எஞ்சினை விட்டுப் பிரிந்து நின்றுவிடும், கியரும் சுகமாக விழும். பிடி அரைகுறையாக விடுபட்டால் தண்டு தொடர்ந்து சுற்றும். சுற்றுகிற பல்லோடு நிற்கிற பல்லைப் பொருத்தப் பார்க்கிறீர்கள், அதனால்தான் இறுக்கமும் "கர்ர்" என்ற சத்தமும்.

முதலில் கால்மிதி

சிரிக்க வேண்டாம். டிரைவர் பக்கக் கால்மிதி முன்னே நகர்ந்து பெடலுக்கு அடியில் மடிந்து கிடந்தால் பெடல் முழுதாகக் கீழே போகாது. சந்தையில் வாங்கிப் போட்ட தடித்த றப்பர் மிதி, அதன் கீழே பழைய கார்பெட், அதன் கீழே இன்னொன்று என்று மூன்று அடுக்கு இருக்கும் கார்களும் உண்டு. எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டுவிட்டு ஒருமுறை கியர் மாற்றிப் பாருங்கள். சீட்டையும் முன்னே இழுத்து, கால் மடங்காமல் பெடல் அடிவரை எட்டுகிறதா என்று பாருங்கள்.

எஞ்சினை நிற்பாட்டிச் செய்யும் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். எஞ்சினை நிற்பாட்டி, கிளச்சை மிதித்து, முதல் கியரிலிருந்து ரிவேர்ஸ் வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு கியர் பல் நேருக்கு நேர் முட்டி நின்றால் காரைக் கையால் அரைச் சாண் தள்ளிவிட்டுத் திரும்பப் போடுங்கள், அது பழுதில்லை. பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து அதையே திரும்பச் செய்யுங்கள்.

எஞ்சின் நிற்கும்போது எல்லாக் கியரும் சுகமாக விழுந்து, ஓடும்போது மட்டும் இறுகினால் கிளச் விடுபடவில்லை. இரண்டு நிலையிலும் ஒரே இறுக்கம் என்றால் கியர்த் தடி, அதன் புஷ்கள் (முட்டுகளில் மாட்டும் சின்ன வளையங்கள்), கேபிள், அபூர்வமாகக் கியர்பொக்ஸின் உள்பக்கம். ஒரேயொரு கியர் மட்டும், அதுவும் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் முரண்டு பிடித்தால் அது சிங்க்ரோ, அதாவது கியர் விழுமுன் வேகங்களை ஒன்றாக்கும் வளையம்.

கிளச்சில் சந்தேகம் விழுந்தால் அதை உறுதிசெய்ய இன்னும் இரண்டு வழி உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது கிளச்சை முழுதாக மிதித்து, ஐந்து செக்கன் பொறுத்து, ரிவேர்ஸ் போடுங்கள். பழைய கார்களில் ரிவேர்ஸுக்கு பெரும்பாலும் சிங்க்ரோ கிடையாது. ஆகவே அது பொய் சொல்லாது. ஐந்து செக்கனுக்குப் பிறகும் "கர்ர்" என்று அரைத்தால் தண்டு இன்னும் சுற்றுகிறது. பொறுக்காமல் உடனே போட்டு அரைத்தால் அது கணக்கில் இல்லை, நல்ல கிளச்சிலும் அப்படி அரைக்கும். எஞ்சினின் ஐடில் வேகம் கூடிக் கிடந்தாலும் அரைக்கும், முதலில் அதைக் குறைத்துவிடுங்கள்.

மற்றது: முதல் கியரைப் போட்டு, பெடலை அடிவரை மிதித்தபடி, ஹேண்ட் பிறேக்கை விடுங்கள். கார் தானாக முன்னே ஊர்ந்தால் கிளச் இழுக்கிறது. மலைநாட்டில் இதற்குச் சமதரை தேட வேண்டும். நமக்கு அந்தக் கவலை இல்லை, வீட்டு வாசல் ஒழுங்கையே போதும். முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளச் என்று தெரிந்தால்

பொனற்றைத் திறந்து, உங்கள் காரில் கிளச்சுக்குக் கேபிளா, ஒயில் அழுத்தத்தால் வேலை செய்யும் ஹைட்ரோலிக்கா என்று பாருங்கள். பிறேக் ஒயில் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டப்பா இருந்தால் அநேகமாக ஹைட்ரோலிக். அப்படி ஒன்றும் இல்லாமல் உறைபோட்ட கம்பி ஒன்று கியர்பொக்ஸ் பக்கம் போனால் கேபிள். மாருதி 800 கேபிள். மொறிஸ் மைனரில் இரண்டும் இல்லை, இரும்புத் தண்டுகளால் இணைத்த பழைய முறை.

கேபிள் கார்களில் பார்க்க வேண்டியது பெடலின் இடைவெளி. பெடலைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பாரம் தட்டுப்படும்வரை சும்மா போகும் தூரம் பொதுவாக 1.5 முதல் 2.5 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுவே சரி. அதைவிடக் கூடுதலாக இருந்தால் கேபிள் நீண்டுவிட்டது. கியர்பொக்ஸ் பக்க நுனியில் இருக்கும் நட்டைத் திருகிக் குறைக்கலாம். குறைக்கிறேன் என்று இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள். பெடலை விட்ட பிறகும், மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை அழுத்தும் ரிலீஸ் பெயாரிங் ஓயாமல் சுற்றித் தேயும், பிளேட்டும் வழுக்கத் தொடங்கும். நட்டைத் திருகித் திருகி இனித் திருக மரையே இல்லை என்ற நிலை வந்திருந்தால் அநேகமாகக் கேபிள் அறுகிறது. பெடலுக்கு மேலே கேபிள் கொளுவும் இடத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று இழை அறுந்து தும்பாக நின்றால் அன்றே மாற்றுங்கள். கேபிள் அறுவது பெரும்பாலும் சந்தியில் நிற்கும்போதுதான், ஏனென்றால் மிதிப்பது அங்கேதான்.

ஹைட்ரோலிக்கில் கொஞ்சம் துப்பறிய வேண்டும். டப்பாவில் ஒயில் அளவு குறைந்திருக்கிறதா? குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. இரண்டு இடம் பாருங்கள். ஒன்று காருக்குள், கிளச் பெடலுக்கு மேலே, மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பொருந்தும் இடம். அங்கே கையை விட்டுத் தடவினால் விரல் ஈரமாகும், சில கார்களில் பெயின்ற் கிளம்பி உரிந்திருக்கும். மற்றது கீழே கியர்பொக்ஸில், அந்த ஒயில் வந்து தள்ளக் கிளச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர். அதன் நுனியில் உள்ள றப்பர் உறையை மெல்ல விலக்குங்கள். உள்ளே ஒயில் தேங்கி நின்றால் சீல் போய்விட்டது.

ஒழுகல் இல்லாவிட்டால் பெடலையே கேளுங்கள். இரண்டு மூன்று தரம் அடுத்தடுத்து மிதித்த பிறகு கியர் சுகமாக விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது. முதலில் விழுந்து, சந்தியில் பெடலை மிதித்தபடி நிற்க நிற்க கார் மெல்ல ஊரத் தொடங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளுக்குள்ளே கசிகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் முத்திரைச் சந்திப் பக்கம் ஊர்ந்து போகும்போதுதான் இது பலருக்கும் தெரியவரும். காலையில் நன்றாக ஓடிய கார், எஞ்சின் சூடேறிய பிறகு முதல் கியரை ஏற்க மறுக்கும்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறு நுனியைக் கொஞ்சம் பிறேக் ஒயில் விட்ட போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் குமிழி வரும். நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்று சொல்லுங்கள். மூட முதல் அவர் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். தம்பிமாரை உதவிக்குக் கூப்பிட்டால் இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. குமிழி நிற்கும்வரை இதையே செய்து, இடையிடையே டப்பாவை நிரப்புங்கள். டப்பா வற்றினால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். விடுவது டொட் 3 அல்லது டொட் 4, டப்பா மூடியில் எழுதியிருப்பதுபோல. எஞ்சின் ஒயிலோ வேறு எண்ணெயோ ஒரு துளி போனாலும் சீல்கள் ஊதிப்போகும். உடைத்து மாதக்கணக்காக வைத்திருந்த போத்தலையும் விடாதீர்கள், பிறேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பெயின்ற்றில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இதெல்லாம் செய்தும் குணமில்லையென்றால், ஒருவர் பெடலை மிதிக்க, ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் திடமாக நகர்ந்தும் கிளச் இழுத்தால் குற்றம் உள்ளே: ரிலீஸ் போர்க் வளைந்திருக்கலாம், பிரஷர் பிளேட்டின் விரல்கள் தேய்ந்திருக்கலாம், பிளைவீலின் நடுவிலுள்ள பைலட் பெயாரிங் இறுகி கியர்பொக்ஸ் தண்டையும் சேர்த்துச் சுற்றலாம். கியர்பொக்ஸை இறக்க நியாயமான காரணம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்களின் கார்

இது நம் ஊரில் தனி வகை. சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், கார் கொட்டிலில் நிற்கும், இரண்டு மாரி கழிந்து வந்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் எடுக்கும், கியர் மட்டும் ஒன்றுகூட விழாது. கடற்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து பிளேட்டைப் பிளைவீலோடு துருவால் ஒட்டவைத்திருக்கும். பெடல் வழக்கம்போல்தான் இருக்கும், அதனால் ஹைட்ரோலிக்கைக் கழட்டி வீணாக மினக்கெடுவார்கள்.

ஒட்டியதை விடுவிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. பிறேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள், நெடுநாள் நின்ற காரில் அதுவும் சந்தேகம்தான். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி நிற்பாட்டுங்கள். ஆள், மாடு, மதில் எதுவும் முன்னால் இல்லாத வெட்டையில் காரை நிறுத்தி, இரண்டாம் கியரைப் போட்டு, கிளச்சை அடிவரை மிதித்தபடி திறப்பைத் திருப்புங்கள். கார் குதித்துக் கிளம்பும். பெடலை விடாமல், அக்சிலரேற்றரை அழுத்துவதும் விடுவதுமாக ஓடி, இடையே பிறேக்கையும் வெட்டி வெட்டிப் பிடியுங்கள். பல தடவை ஒரு "டக்" சத்தத்தோடு விடுபட்டுவிடும். ஐந்தாறு முறைக்கும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள், பிளேட் கிழிந்துபோகும். அதன்பிறகு கராஜ்தான்.

எஞ்சின் நின்றாலும் இறுக்கம் என்றால்

கியர்த் தடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நியூட்றலில் தொளதொளவென்று எல்லாப் பக்கமும் ஆடி, எந்தக் கியர் எங்கே என்று தேடவேண்டியிருந்தால் புஷ் போய்விட்டது. கொரொல்லா டிஎக்ஸ் வேகன் போன்ற பின்சில்லு இழுக்கும் கார்களில் தடி நேராகக் கியர்பொக்ஸுக்குள் இறங்குகிறது. மேலே உள்ள றப்பர் உறையைக் கழட்டி, தடியை எடுத்து, அதன் குமிழில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷை மாற்றினால் போதும். சின்னச் சாமான், பெரிய வித்தியாசம். சன்னி, மாருதி போன்ற முன்சில்லு இழுக்கும் கார்களில் தடியிலிருந்து கியர்பொக்ஸ் வரை கீழே ஒரு நீண்ட இணைப்பு போகிறது. அதன் முட்டுகளில் உள்ள புஷ்கள் பொடிந்திருக்கும், அல்லது மண்ணும் கிரீஸும் சேர்ந்து கல்லாய் இறுகியிருக்கும். ஏ40 சொமசெற் மாதிரி ஸ்ரியறிங்குக்குக் கீழே கியர் உள்ள கார்களில் முட்டுகள் இன்னும் கூட. அவற்றில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தேய்ந்தாலே மொத்தத்தில் கியர் இடம் மாறிவிடும்.

எஞ்சினையும் கியர்பொக்ஸையும் தாங்கும் மவுண்ட் றப்பர்களையும் மறக்க வேண்டாம். அவை கிழிந்திருந்தால் பாரம் ஏறும்போது கியர்பொக்ஸ் நகர்ந்து இணைப்பை இழுக்கும்.

காருக்குக் கீழே போவதானால் ஒரு எச்சரிக்கை. ஜாக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எங்கள் செம்மண் தரையில் ஜாக் சாய்ந்து புதையும், அடியில் தடித்த பலகை வையுங்கள். வீடு கட்டி மிஞ்சிய சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுப்பதும் கூடாது. அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். அக்ஸில் ஸ்டாண்ட் இரண்டு வாங்கிவிடுங்கள்.

கியர் ஒயில்

காலையில் முதல் சில நிமிடம் மட்டும் இறுகி, பிறகு இளகினால் ஒயில் தடிப்பாக இருக்கிறது. எல்லாக் கியரும் எப்போதும் கொஞ்சம் இறுகினால் ஒயில் குறைவு அல்லது பழையது. அளவு பார்ப்பதும் மாற்றுவதும் சுலபம்: காரைச் சமமாக நிறுத்தி, பக்கவாட்டிலுள்ள நிரப்பும் பிளக்கைத் திறந்து, சின்னி விரலை உள்ளே விட்டு மடித்தால் விளிம்போடு ஒயில் தொட வேண்டும். மாற்றுவதானால், கீழே வடிக்கும் பிளக்கைத் தொட முதல் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு மேலே கழலாவிட்டால் கார் முற்றத்திலேயே படுக்கும்.

வடித்த ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். வடி பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை போல ஒட்டியிருப்பது சாதாரணம். ஒயிலுக்குள் பொன் தூள் மாதிரி மினுங்கினால் சிங்க்ரோவின் பித்தளை வளையம் தேய்கிறது. நகத்தால் எடுக்கக்கூடிய இரும்புத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது, காரை ஓடாதீர்கள்.

எந்த ஒயில் என்பதில்தான் அதிக குழப்பம். கடையில் "கியர் ஒயில்" என்று கேட்டால் பெரும்பாலும் ஜிஎல்-5 தருவார்கள். அது பின் அக்ஸில் டிபரென்ஷலுக்கு ஏற்றது. பித்தளைச் சிங்க்ரோ உள்ள பழைய கியர்பொக்ஸுக்கு ஜிஎல்-4 கேட்டு வாங்குங்கள். ஜிஎல்-5 இல் உள்ள கந்தகக் கலவைகள் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும். அதோடு வழுவழுப்புக் கூடி, சிங்க்ரோவுக்குத் தேவையான பிடிப்பும் போய்விடும். எல்லாக் கியர்பொக்ஸும் கியர் ஒயில் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். மொறிஸ் மைனர் 1000 இன் கியர்பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான், பழைய ஹொண்டாக்கள் பலவற்றுக்கும் அப்படியே. 1990களில் பெற்றோல் வராமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய ஊர் இது. கிடைத்ததை வைத்து ஓடவேண்டிய காலம் அது, அந்தப் பழக்கத்தை இப்போது தொடரத் தேவையில்லை.

ஒரு கியர் மட்டும் முரண்டு பிடித்தால்

ஓடுகிற பஸ்ஸில் ஏறுபவர் அதன் வேகத்துக்குக் கொஞ்சத் தூரம் கூட ஓடித்தானே தொற்றுவார், சிங்க்ரோ வளையத்தின் வேலை அதுதான்: போடப்போகும் கியரின் வேகத்தைத் தண்டின் வேகத்தோடு ஒன்றாக்குவது. அதிகம் பாவிப்பதால் முதலில் தேய்வது இரண்டாம் கியருடையது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது அரைக்கும்.

வல்லை வெளி மாதிரி நீண்ட, சனம் குறைந்த ரோட்டில் இப்படிச் செய்து பாருங்கள். மூன்றாம் கியரில் ஓடும்போது கிளச்சை மிதித்து நியூட்றலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு, அக்சிலரேற்றரை ஒரு தட்டுத் தட்டி, திரும்பக் கிளச்சை மிதித்து இரண்டாம் கியரைப் போடுங்கள். இப்படிப் போட்டால் வெண்ணெய் மாதிரி விழுந்து, சாதாரணமாகப் போட்டால் அரைத்தால், சிங்க்ரோதான். அவசரமில்லை. பழைய ஆட்கள் இப்படியே வருடக்கணக்காக ஓடியிருக்கிறார்கள். கியர் தானாக நழுவி நியூட்றலுக்கு வரத் தொடங்கினால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மொறிஸ் மைனர், ஏ40 காரர்களுக்கு: உங்கள் முதல் கியருக்குச் சிங்க்ரோ பிறப்பிலேயே கிடையாது. கார் முழுதாக நின்ற பிறகே முதல் கியர். ஓட ஓடப் போட்டு அரைத்துவிட்டுப் பழுது என்று கராஜுக்குப் போகாதீர்கள்.

கராஜில் சொல்லும் விதம்

"கியர் இறுக்கம்" என்று மட்டும் சொன்னால் எல்லாவற்றையும் கழட்டுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணை, எஞ்சினை நிப்பாட்டினா எல்லாக் கியரும் நல்லா விழுது, ஸ்டார்ட்டில இருந்தாத்தான் விழுதில்லை. பெடலை ரெண்டு தரம் அடிச்சா விழுது." கேட்டவுடனேயே அவர் கை மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போகும். போகாவிட்டால் வேறு கராஜ் பார்க்கலாம்.

கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டுமென்றால் கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், பைலட் பெயாரிங் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மிச்சம் பிடித்தால் அதற்காகவே இன்னொருமுறை இறக்கும் கூலி கொடுப்பீர்கள். எஞ்சினின் பின் சீல் கசிகிறதா என்று அதே கையோடு பார்க்கச் சொல்லுங்கள், புதுப் பிளேட்டில் ஒயில் பட்டால் காசு போச்சு. கழட்டிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி, புதியதோடு பக்கத்தில் வைத்து விட்டத்தையும் நடுவிலுள்ள பல் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். இங்கே கிடைக்காமல் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பிப்பதானால் பழைய பிளேட்டின் படத்தையும் அளவையும் முதலில் அனுப்புங்கள். ஒரே மாடலுக்கு இரண்டு அளவுப் பிளேட் வருவது புதினமில்லை.

புதுக் கிளச் போட்ட அன்றே கார் கியருக்கு முரண்டு பிடித்தால் பிளேட் மறுபக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது லைனில் காற்று எடுக்கவில்லை. காசு கொடுக்க முதல் அங்கேயே ரிவேர்ஸ் சோதனையைச் செய்து பாருங்கள். கேபிள் கார் என்றால் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு பெடல் இடைவெளியை மறுபடி அளந்து, தேவைப்பட்டால் நட்டை அரைச் சுற்றுத் திருத்துங்கள். ஓடும்போது இடது காலைப் பெடலின் மேல் வைத்திருக்காதீர்கள். மொறிஸ் மைனரின் ரிலீஸ் பெயாரிங் வெறும் கரிக்கட்டை, அந்தக் கால் பாரமே அதைத் தின்றுவிடும்.